எரிக் கேம்பெல் ஸ்காட்லாந்துக்காரராம், கேளுங்கள்!

பழையரீல்: சாப்ளினின் மியூச்சுவல் கம்பெனிப் படங்களில் வரும் அந்தப் புருவ வில்லன் எரிக் கேம்பெல் "ஸ்காட்லாந்தின் மைந்தன்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். எத்தனை தடவைதான் சொல்வது? பிறந்தது இங்கிலாந்தில், அன்று செஷரில் இருந்த சேல் என்ற ஊர்.

டனூன்தாசன்: அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். ஸ்காட்லாந்தில் டனூன் என்ற ஊரில் அவருக்கு நினைவுப் பலகையே இருக்கிறது.

பழையரீல்: பலகையை யாரும் வைக்கலாம். பின்னால் தேடிப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தது சேல்.

கேஸ்விளக்கு: எந்த ஊராக இருந்தால் என்ன? ஈசி ஸ்ட்ரீட் படத்தில் பலம் காட்டத் தெருவிளக்குக் கம்பத்தையே வளைப்பார், சாப்ளின் அந்த விளக்கை அவர் தலையில் கவிழ்த்து கேஸைத் திறந்துவிடுவார், அந்தக் கம்பம் விழுந்துதான் சாப்ளினுக்கு மூக்கில் நிஜமாகவே அடி. மியூச்சுவலின் 12 படத்திலும் இந்த மனிதர் இல்லாவிட்டால் சிரிப்பே இல்லை.

பழையரீல்: 11. ஒன் ஏ.எம். படத்தில் குடித்துவிட்டு வந்த சாப்ளின் வீட்டுக்குள் மாடிப்படியோடு மல்லுக்கட்டுவார், கேம்பெல் அதில் கிடையாது. பார்த்துவிட்டுப் பேசவும்.

கேஸ்விளக்கு: ஓஹோ. லாரல்-ஹார்டி ஜோடியின் ஸ்டான் லாரலை அமெரிக்காவில் பிறந்தவர் என்று பத்தி பத்தியாக எழுதிவிட்டு, இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் என்று நான் காட்டியதும் பதிவை அழித்தது யார்?

பழையரீல்: அது தட்டச்சுப் பிழை. விஷயத்துக்கு வருகிறேன். 1917 ஜூலையில் கேம்பெலின் மனைவி இறந்தார், துக்க உடை வாங்கப் போன மகளைக் கார் மோதியது, செப்டம்பரில் செய்த மறுமணமும் சில வாரங்களில் விவாகரத்து வழக்கில் போய் நின்றது, டிசம்பர் 20 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கார் விபத்தில் ஆளே போய்விட்டார். சாம்பல் 1952 வரை அடக்கம் செய்யப்படாமலே கிடந்தது. அப்போது எங்கே போனது உங்கள் டனூன்?

டனூன்தாசன்: சேல் மட்டும் வந்து வாங்கிக்கொண்டதாக்கும்! சாப்ளினுக்கே பிறப்புச் சான்று கிடையாது, பிரிட்டிஷ் உளவுத்துறை தேடியும் கிடைக்கவில்லை, ஆனால் அவர் லண்டன் என்றால் தலையாட்டுவீர்கள். கேம்பெலுக்கு மட்டும் ஆதாரம் வேண்டுமா?

பழையரீல்: இருப்பதால் கேட்கிறேன். சேல்.

டனூன்தாசன்: டனூன்.

பழையரீல்: சேல், சேல், சேல். கேம்பெல் என்று பெயர் இருந்தால் ஸ்காட்லாந்தா?

கேஸ்விளக்கு: இருங்கள், தட்டச்சுப் பிழையா? நான்கு பத்தியுமா?