மொரீஷியஸில் எதைச் சாப்பிடுவது: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

நான் (மாலை 6:10): பெரியப்பா, அடுத்த மாதம் அம்மாவும் நானும் ஆறு நாள் மொரீஷியஸ் செல்கிறோம். விடுதியில் காலையும் இரவும் உணவு உண்டு என்றாலும், அந்தத் தீவுக்கே உரியவற்றை ருசிக்காமல் திரும்ப மனமில்லை. நீங்கள் அங்கே சர்க்கரை ஆலையில் பணியாற்றியவர் என்பதால் உங்களிடமே கேட்கிறேன். அம்மா சைவம் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

பெரியப்பா (6:24): நல்லது மகளே. விடுதி விருந்து எந்தத் தீவிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதை ஒரு நாள் பார்த்தால் போதும். முதலில் தெருவோரம் விற்கும் தால் பூரியைச் சாப்பிடுங்கள். பட்டாணிப் பருப்பை வேகவைத்து அரைத்து, சீரகமும் மஞ்சளும் சேர்த்து மாவுக்குள் வைத்து மெல்லியதாகத் தேய்த்துச் சுட்டு, பெரிய அவரை விதைக் குழம்பும் தக்காளித் தொக்கும் கொத்தமல்லிச் சட்டினியும் தடவிச் சுருட்டித் தருவார்கள்.

தம்பி (6:26): அப்படியென்றால் வெல்லம் போடாத போளி என்று சொல்லுங்கள், பெரியப்பா.

பெரியப்பா (6:31): ஏறக்குறைய அதுதான், ஆனால் பருப்பு வெந்த நீரையே மாவில் ஊற்றிப் பிசைவதால் துணிபோல் மடியும். பீகார்ப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம் அது. ஒற்றையாக விற்க மாட்டார்கள், இரண்டிரண்டாகத்தான் தருவார்கள். ஒரு சோடிக்கு அவர்களுடைய கிரியோல் மொழியில் ‘என் பேர்’ என்று பெயர். முதல் நாள் கடைக்காரர் அப்படிக் கேட்டபோது நான் என் பெயரைச் சொல்லிவிட்டு நின்றேன்.

அம்மா (6:40): அத்தான், பூரி இருக்கட்டும். சோறும் ரசமும் கிடைக்குமா?

பெரியப்பா (6:52): கிடைக்கும், அதுவும் நம் பெயரிலேயே கிடைக்கும். ரசத்தை ‘ரசோன்’ என்கிறார்கள். கொத்தமல்லி அங்கே ‘கொத்தமிலி’, கறிவேப்பிலை ‘கரிப்பூலே’, முருங்கைக் கீரை ‘ப்ரேத் முரூம்’, பீர்க்கங்காய் ‘பிப்பங்காய்’. பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் அங்கே சென்றார்கள். பிறகு 1834 முதல் ஆங்கிலேயர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து பல லட்சம் பேரைக் கப்பலில் கொண்டுபோனார்கள். தமிழ் பேசத் தெரியாத பேரப்பிள்ளைகள்கூடச் சந்தையில் இந்தச் சொற்களைச் சொல்லித்தான் காய் வாங்குகிறார்கள். எனக்கு அந்தத் தீவில் மிகவும் பிடித்தது அதுதான். கடற்கரை எல்லாம் அதற்குப் பிறகு.

சித்தி (6:58): ஏழு கறி என்று ஒரு விருந்து உண்டு எனக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதுவும் சைவம்தானே?

பெரியப்பா (7:05): ஆம், ‘செத் காரி’ என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், பிரெஞ்சு மொழியில் ‘செத்’ என்றால் ஏழு. தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை நாள். விரதம் முடிந்ததும் வாழையிலையில் சோற்றைச் சுற்றி ஏழு வகைக் கறிகளும் ரசோனும் பாயசமும் பரிமாறுவார்கள். நீங்கள் செல்வது காவடிக் காலம் இல்லை என்றாலும், கோயிலுக்குப் போகும்போது விசாரித்துப் பாருங்கள்; கல்யாண வீடுகளிலும் இந்த விருந்து உண்டு, யாராவது அழைத்தால் மறுக்காதீர்கள்.

நான் (7:09): குடிப்பதற்கு என்ன இருக்கிறது?

பெரியப்பா (7:17): தலைநகர் போர்ட் லூயிஸின் மத்தியச் சந்தையில் ‘அலுடா’ குடிக்க வேண்டும். குளிர்ந்த பாலில் ஊறிய சப்ஜா விதையும் துருவிய கடற்பாசியும் வனிலா வாசனையும் சேர்ந்த பானம் அது. நம் ஜிகர்தண்டாவுக்கும் பலூடாவுக்கும் ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தேநீரில் வனிலா கலப்பதும் அங்கே வழக்கம். 1892இல் தொடங்கிய புவா ஷேரி தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றால் தேயிலை பதமாவதைப் பார்த்துவிட்டு அங்கேயே குடிக்கலாம். கரும்புச்சாற்றிலிருந்து வடிக்கும் ரம்மும் புகழ்பெற்றது. அதைப் பற்றி உன் அம்மா இல்லாத குழுவில் சொல்கிறேன்.

அம்மா (7:18): படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அத்தான்.

தம்பி (7:21): அசைவம் சாப்பிடும் நான் ஒருநாள் போனால் என்ன செய்வது?

பெரியப்பா (7:26): கடுகும் மஞ்சளும் பூண்டும் வினிகரும் சேர்ந்த ‘விந்தாய்’ சாப்பிடு. மீனிலும் செய்வார்கள், பேய்க்கணவாயிலும் செய்வார்கள். ஆறவிட்டு மறுநாள் சாப்பிட்டால் சுவை கூடும்.

நான் (7:30): வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா, பெரியப்பா?

பெரியப்பா (7:38): மிளகாய் வடையை மறந்துவிட்டேன். ‘காத்தோ பிமான்’ என்று பெயர். நம் மசால் வடையைச் சிறிதாக உருட்டிப் பொரித்ததுபோல் இருக்கும். வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் அதை நசுக்கி வைத்துக் காலை உணவாகவே சாப்பிடுகிறார்கள். கடற்கரையில் அன்னாசியைக் காம்போடு செதுக்கி, மிளகாய் உப்பும் புளியும் தடவித் தருவதையும் விடாதீர்கள். ஓர் எச்சரிக்கை: எதை வாங்கினாலும் ‘மசாவாரு’ என்ற மிளகாய் விழுதைத் தடவப் பார்ப்பார்கள். வேண்டாம் என்றால் ‘பா மெத் பிமான்’, அதாவது மிளகாய் போடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.

அம்மா (7:41): எனக்கு அந்த வாக்கியம் தேவைப்படாது, அத்தான். என் மகள்தான் அதை மனப்பாடம் செய்துவைக்க வேண்டும்.