48 வயதில் வேலையை விட்டு ஊருக்குப் போகலாமா? கையில் 50 லட்சம்

கல்லிடைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் 22 வருடமாக வேலை, இப்போது குவாலிட்டியில் சூப்பர்வைசர். தாம்பரத்தில் வாடகை வீடு. முதல் ஷிஃப்ட் என்றால் நாலே காலுக்கு அலாரம், ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். போன மாதம் பஸ்ஸில் அசந்து தூங்கிவிட்டேன். கேட் வந்ததும் பக்கத்துப் பையன் தட்டி எழுப்பினான். ஒரு நிமிடம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை. அன்றிலிருந்து இந்த யோசனைதான்.

சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பா வீட்டில் மாடி என் பங்கு, கீழே அண்ணன் குடும்பம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 60 சென்ட் வயல், குத்தகைக்கு விட்டிருக்கிறோம். கார், பிசானம் இரண்டு போக நெல்லும் சரியாக விளைந்தால் கடையில் அரிசி வாங்க வேண்டாம்.

பிஎஃப் 31 லட்சம், கிராஜுவிட்டி 4 வரும், பேங்கில் எஃப்டி 15. கடன் கிடையாது. மகள் பி.காம் முதல் வருடம். அவள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் 10 லட்சம் ஒதுக்கிவிட்டேன். நகை என் மனைவி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. மீதி 40 லட்சம். இங்கே வாடகை 14,000 போக மாதம் 24,000 ஆகிறது. ஊரில் 20,000 போதும் என்பது என் கணக்கு. ஒரு நோட்டில் உப்பு புளி வரை எழுதிப் பார்த்துவிட்டேன்.

மனைவி மட்டும், "வெறுங்கையோட போய் உட்கார்ந்தா உங்க அண்ணனே மதிக்கமாட்டாரு" என்கிறாள். நீங்கள் சொல்லுங்கள், போகலாமா?

பழைய கணக்கர்:
பேங்கில் 33 வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாதம் 20,000 என்றால் வருடத்துக்கு 2.4 லட்சம், உங்கள் 40 லட்சத்தில் அது 6 சதவீதம். இணையத்தில் எல்லோரும் சொல்லும் 4 சதவீதக் கணக்கு, அதாவது முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பது, பெங்கன் என்ற அமெரிக்கர் 1994-இல் அந்த நாட்டுப் பங்கு, பத்திரங்களை வைத்து 30 வருடத்துக்குப் போட்டது. அதன்படி பார்த்தாலே உங்களுக்கு மாதம் பதின்மூவாயிரத்துச் சொச்சம்தான். உங்களுக்கோ 40 வருடம் ஓட வேண்டும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் இன்றைய 20,000 உங்கள் அறுபதாவது வயதில் 40,000 ஆகிவிடும்.

தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் கணவன் மனைவி சேர்ந்து 15 லட்சம் வரை போடலாம். 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250 வரும். ஆனால் அது அப்படியே நிற்கும், ஏறாது. பிஎஃப் பென்ஷனை 50 வயதிலிருந்தே வாங்கலாம். 58-க்கு எத்தனை வருடம் முன்னால் வாங்குகிறோமோ அத்தனைக்கும் ஆண்டுக்கு 4 சதவீதம் வெட்டுவார்கள். 58 வரை பொறுத்தாலும் உங்கள் சர்வீசுக்கு ஐயாயிரத்தைத் தாண்டாது. வேலையை விட்டபின் பிஎஃப் பணத்தை எடுக்காமல் வைத்தால் வட்டி வரும். அந்த வட்டிக்கு வரி உண்டு, மறந்துவிடாதீர்கள்.

பொருநைக்கரை அக்கா:
தம்பி, நாங்கள் கோயம்புத்தூரை விட்டு வீரவநல்லூர் வந்து ஆறு வருடம் ஆகிறது. உங்கள் நோட்டில் மொய் எழுதியிருக்கிறீர்களா? வெளியூரில் இருக்கிறவரை ஜிபே-யில் ஐந்நூறு போட்டுத் தப்பிக்கலாம். ஊரில் குடியிருந்தால் முடியாது. ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று பத்திரிகை வரும். சடங்கு, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், எல்லாவற்றுக்கும் இவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் போவோம். அப்புறம் கோயில் கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. வந்த முதல் வருடம் சாப்பாட்டுச் செலவு நான் நினைத்த அளவுதான். மற்றது இரண்டு மடங்கு.

அப்புறம் உடம்பு. என் வீட்டுக்காரருக்குச் சுகர். கம்பெனி இன்சூரன்ஸ் வேலையோடு போய்விட்டது. சொந்தமாக எடுக்கப் போனபோது ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூன்று வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குள் கால் புண்ணுக்குத் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். பில் 1,80,000. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், எங்கள் எஃப்டி வட்டியே அதைத் தாண்டிவிட்டது. வேலையில் இருக்கும்போதே தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். பேப்பர் போட்டபிறகு எடுக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

இவ்வளவும் சொன்னேனே, திரும்பிப் போவாயா என்றால் மாட்டேன். சாயங்காலம் ஆற்றுக்குப் போய் வருவோம். இவர் ஆறு வருடமாகத் தூக்க மாத்திரை போடவில்லை.

மண்வெட்டி:
அண்ணாச்சி, ஒன்றே ஒன்று. குத்தகையை நிறுத்திவிட்டு நாமே பயிர் வைக்கலாம் என்று மட்டும் இறங்காதீங்க. 60 சென்டுக்கு நடவு ஆளும் கிடைக்காது, அறுப்பு மெஷின்காரனும் கடைசியாகத்தான் வருவான். நான் பட்டவன்.

கல்லிடைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் மொய் நோட்டை எடுக்கச் சொன்னேன். இங்கிருந்தபடியே போன வருடம் 37,400 செய்திருக்கிறோம். என் கணக்கில் அந்த வரியே இல்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, நோட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு இன்னும் சுகர் இல்லை, போன தடவை எல்லையில் நின்றது. பாலிசி இந்த மாதமே எடுத்துவிடுகிறேன். மகள் படிப்பு முடிய இரண்டரை வருடம் இருக்கிறது. அதுவரை ஷிஃப்ட் இல்லாத ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன், சம்பளம் நாலாயிரம் குறையும். ஹெச்.ஆரில் ஏன் என்று கேட்டார்கள், முட்டி வலி என்றேன். பொய்யும் இல்லை.

கணக்கர் ஐயா, ஒரு சந்தேகம். அந்த 15 லட்சத்தை இப்போதே தபால் நிலையத்தில் போட்டு, மாதம் வரும் 9,250-ஐ அங்கேயே ஆர்டி-யாகத் திருப்பினால் தேறுமா? அக்கா, வீரவநல்லூரில் மாடிக் கூரை ஓடுகளை மாற்ற இப்போது என்ன கூலி கேட்கிறார்கள்? அண்ணன் ஒழுகுகிறது என்று தை மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.