தூக்கமும் இல்லை, சோர்வும் இல்லை, ஆனாலும் ஓயாத கொட்டாவி. என்ன செய்யலாம்?

மஞ்சணத்தி (திங்கள், இரவு 9.40)

வணக்கம். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர் நான், வயசு 34. ஒரு மாசமா காலையில எந்திரிச்சதுல இருந்து மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் கொட்டாவியா வருது. வெள்ளிக்கிழமை ஒரு பீரியடுல எண்ணிப் பார்த்தேன், 40 நிமிஷத்துல 23. தூக்கக் கலக்கத்துல வர்ற மாதிரி இல்ல. ராத்திரி ஏழு மணி நேரம் தூங்குறேன், மனசும் கண்ணும் தெளிவா இருக்கு. வாய் மட்டும் தானா திறந்துக்குது. கண்ணுல தண்ணி வழியுது, காதோரம் தாடை வலிக்குது.

நான் ஒண்ணு விட்டா முன் பெஞ்சுல ரெண்டு பேரு விடுறாங்க, அப்புறம் அந்த வரிசையே விடுது. தலைமையாசிரியர் கூப்பிட்டு, "நடத்துறவங்களே இப்படின்னா பிள்ளைங்க எப்படி கவனிக்கும்?"னு கேட்டுட்டாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஆழமா மூச்சு இழுத்துப் பார்த்தாச்சு. ரெண்டாவது காபி குடிச்சாச்சு. ஜன்னலைத் திறந்து வச்சு, பல்லைக் கடிச்சு அடக்கியும் பார்த்தாச்சு. எதுக்கும் கேக்கல. அம்மா கண்ணு பட்டிருக்குன்னு ரெண்டு தடவை சுத்திப் போட்டாங்க. யாருக்காவது இப்படி இருந்திருக்கா?

மேற்குமலை (திங்கள், இரவு 9.58)

ரத்தசோகையா இருக்கும். உடம்புக்கு ஆக்சிஜன் பத்தலன்னாதான் கொட்டாவி வரும்னு பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கோமே. முருங்கைக்கீரை சேர்த்துக்கோங்க.

மஞ்சணத்தி (திங்கள், இரவு 10.15)

நானும் அப்படித்தான் நினைச்சேன். போன வாரம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததுல ஹீமோகுளோபின் 12.6. தைராய்டும் சரியா இருக்கு. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர்ல கொட்டாவி வர்றப்பவே வச்சுப் பார்த்தேன், 98தான்.

நாடித்துடிப்பு (செவ்வாய், காலை 6.30)

செவிலியர் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் எடுக்கிறேன். மருத்துவர் அல்ல, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆக்சிஜன் பற்றாக்குறைதான் காரணம் என்பது நாம் எல்லோரும் படித்தது, ஆனால் அது சோதனையில் நிற்கவில்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் ராபர்ட் ப்ரொவைன் என்ற ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 1987இல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். ஒருமுறை 100% ஆக்சிஜனைச் சுவாசிக்கவைத்தார்கள். இன்னொரு முறை 3%, 5% கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்று. கார்பன் டை ஆக்சைடு கூடியபோது மூச்சு வேகமானது. கொட்டாவி கூடவில்லை. சுத்த ஆக்சிஜன் கொடுத்தபோது குறையவும் இல்லை. உடற்பயிற்சி செய்யவைத்தும் பார்த்தார்கள். மேல்மூச்சு வாங்கியதே தவிர கொட்டாவியின் எண்ணிக்கை மாறவில்லை.

என் மாணவிகளுக்கு நான் காட்டும் சான்று இன்னும் எளிது. கருவில் இருக்கும் சிசு கொட்டாவி விடுகிறது. ஸ்கேன் படத்தில் அது தெளிவாகத் தெரியும். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினர் 24 வாரத்திலிருந்து 36 வாரம் வரையிலான சிசுக்களைப் படமெடுத்து, வெறுமனே வாய் திறப்பது வேறு, கொட்டாவி வேறு என்று பிரித்துக் காட்டியது 2012இல். அந்த நுரையீரலில் இருப்பது நீர். இழுக்க அங்கே காற்றே இல்லை.

அதனால்தான் உங்கள் ஆழ்ந்த மூச்சு பலன் தரவில்லை. ஜன்னலைத் திறந்துவைப்பது வகுப்புக்கு நல்லது, ஆனால் கொட்டாவிக்கு அது மருந்தல்ல.

தாழ்வாரம் (செவ்வாய், காலை 8.05)

டீச்சர், அம்மாவைக் கோவிச்சுக்காதீங்க. எங்க பாட்டி உப்பும் மிளகாயும் கையில வச்சு சுத்துறப்ப ஒவ்வொரு சுத்துக்கும் கொட்டாவி விடுவாங்க. "எம்புட்டு கண்ணு பட்டிருக்கு பாரு, எனக்கே இழுக்குது"ம்பாங்க. நான் கண்ணால பார்த்தது, பொய் இல்ல. அது ஏன் சார் அப்படி?

நாடித்துடிப்பு (செவ்வாய், காலை 8.40)

உங்கள் பாட்டிக்கு வந்த கொட்டாவி உண்மையானதுதான் அம்மா, நடிப்பு இல்லை. கொட்டாவியைப் பார்த்தால் மட்டுமல்ல, அதைப் பற்றிப் படித்தாலோ நினைத்தாலோகூட வரும். இதையும் ப்ரொவைன் சோதித்திருக்கிறார். விளக்கு வைக்கும் நேரம், ஒரே சீராகச் சுற்றும் கை, வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பு. இவை சேர்ந்தால் வராமல் இருப்பதுதான் அதிசயம்.

ஒருவரைப் பார்த்து இன்னொருவர் விடும் கொட்டாவி தனிக் கதை. குழந்தைகளுக்கு அது ஏறக்குறைய நான்கு வயதில்தான் தொடங்குகிறது. அந்நியரைவிட நண்பரிடமிருந்தும், நண்பரைவிட சொந்தக்காரரிடமிருந்தும் எளிதாகத் தொற்றுகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2011இல் கண்டார்கள். லண்டனில் 2008இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதர் கொட்டாவி விடுவதைப் பார்த்த 29 நாய்களில் 21 தாங்களும் விட்டன. டீச்சர், உங்கள் முன் பெஞ்சுப் பிள்ளைகள் பாடத்தில் சலித்துப்போய் விடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் விடுகிறார்கள். தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லலாம்.

வெட்டிவேர் (செவ்வாய், மாலை 5.20)

சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு. தும்மல், இருமல், பசி, கண்ணீர் போன்றவற்றோடு கொட்டாவியும் அதில் ஒன்று. பல்லைக் கடித்து அடக்குவதை முதலில் நிறுத்துங்கள்.

நாடித்துடிப்பு (செவ்வாய், இரவு 7.10)

வெட்டிவேர் சொல்வதை நானும் வழிமொழிகிறேன். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 36 பேரிடம் கொட்டாவிக் காட்சிகளைக் காட்டி, அடக்கச் சொல்லிப் பார்த்தார்கள், 2017இல். அடக்கச் சொன்னபோது விட வேண்டும் என்ற உந்துதல் கூடியது. முழுக் கொட்டாவி பாதிக் கொட்டாவியாக மாறியதே தவிர, நிற்கவில்லை.

பனங்கருக்கு (செவ்வாய், இரவு 8.30)

நெத்தியில ஈரத்துணி போட்டுப் பாருங்க, மூச்சு மூக்கு வழியா மட்டும் விடுங்க. மூளை சூடாகுறப்ப அதைக் குளிர்விக்கத்தான் கொட்டாவின்னு ஆண்ட்ரூ கேலப்னு ஒருத்தர் சொல்றார். அவரோட 2007 சோதனையில, சூடான பையோ சாதாரணப் பையோ நெத்தியில வச்சவங்கள்ல 41% பேர் அடுத்தவங்களப் பார்த்துக் கொட்டாவி விட்டாங்க. குளிர்ந்த பை வச்சவங்கள்ல 9% பேர்தான். தாடை அகல விரியறப்ப முகத்துலயும் கழுத்துலயும் ரத்த ஓட்டம் மாறுது, உள்ள இழுக்குற காத்து குளிர்ச்சியா இருந்தா சூட்டைக் கொண்டுபோகுதுங்கிறது அவர் கணக்கு. எல்லா ஆய்வாளரும் இதை ஒத்துக்கல. ஆனா எனக்கு ராத்திரி ஷிஃப்டுல இது உதவுது.

மஞ்சணத்தி (புதன், இரவு 9.00)

செஞ்சு பார்த்தேன். இடைவேளையில முகம் கழுவி, நெத்தியில நனைச்ச கைக்குட்டை. பத்து நிமிஷத்துக்கு நல்லா குறையுது, அப்புறம் பழையபடி. அடக்காம விட்டதுல தாடை வலி மட்டும் கொஞ்சம் கம்மி. ஆனா ஏன் திடீர்னு போன மாசத்துல இருந்து? அதுதான் புரியல.

நாடித்துடிப்பு (புதன், இரவு 9.25)

கேட்க வேண்டியதும் அதேதான். போன மாதம் என்ன மாறியது? குறட்டை உண்டா, காலையில் தலை பாரமாக இருக்கிறதா? மூச்சு அடைத்து அடைத்துத் தூங்குபவர்களுக்கு ஏழு மணி நேரமும் போதாது. ஒற்றைத் தலைவலி உண்டா? அது வரப்போகும் முன் சிலருக்குக் கொட்டாவி வரும். புதிதாக ஏதாவது மாத்திரை? பெயரைப் பொதுவில் சொல்ல வேண்டாம் என்றால் வகையை மட்டும் சொல்லுங்கள்.

செங்காந்தள் (புதன், இரவு 10.02)

குறுக்கே பேசுறதுக்கு மன்னிக்கணும். ரத்ததான முகாம்ல தொண்டு செய்றேன். கட்டில்ல படுத்திருக்கிறவங்க முகம் வெளுத்து, வேர்த்து, கொட்டாவி விட ஆரம்பிச்சா, மயக்கம் வரப்போகுதுன்னு காலைத் தூக்கி வச்சிருவோம். டீச்சருக்குத் தலைசுத்தல், வேர்வை, நெஞ்சு வலி, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போறது ஏதாவது கூட இருந்தா நாள் கடத்தாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

மஞ்சணத்தி (வியாழன், காலை 5.50)

அதெல்லாம் எதுவும் இல்ல. குறட்டை இல்லன்னு அம்மா சொல்றாங்க.

மாத்திரை உண்டு. எழுதலாமா வேணாமான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். அப்பா போனதுக்கு அப்புறம் படபடப்பு ரொம்ப ஆயிருச்சு, பஸ்ஸுல ஏறவே பயம். மனநல மருத்துவர் எஸ்சிடலோப்ராம் கொடுத்தாங்க. முதல்ல 5 மில்லிகிராம், ரெண்டு வாரம் கழிச்சு 10. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடுறேன். படபடப்பு நிஜமாவே குறைஞ்சிருக்கு, இப்ப பஸ்ஸுல தனியா போறேன். கொட்டாவியையும் இதையும் சேர்த்து நான் நினைக்கவே இல்ல. டாக்டர்கிட்டயும் சொல்லல, கொட்டாவியைப் போய் என்னன்னு சொல்றதுன்னு விட்டுட்டேன்.

நாடித்துடிப்பு (வியாழன், காலை 6.35)

எழுதியதற்கு நன்றி டீச்சர். இதில் மறைக்க ஒன்றுமே இல்லை.

அந்த மாத்திரையோடு வரும் குறிப்புத்தாளை விரித்துப் பாருங்கள். பக்க விளைவுகளில் கொட்டாவி என்றே இருக்கும். அரிதானவற்றில் அல்ல, அடிக்கடி காணப்படுபவற்றில். செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்ற அதே குடும்பத்து மாத்திரைகளுக்கும் இது உண்டு. தூக்கமே இல்லாமல் கொட்டாவி மட்டும் வருவதும் இதில் வழக்கம்.

கொட்டாவியின் விசை மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் இருக்கிறது. டோபமின், ஆக்சிடோசின் ஆகிய வேதிப்பொருள்கள் அங்கே வேலை செய்யும்போது கொட்டாவி தூண்டப்படுவதை எலிகளில் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். உங்கள் மாத்திரை கூட்டுவது செரடோனினை. அதன் அலை இந்த விசையையும் தொடுகிறது என்பதே இப்போதுள்ள விளக்கம். இந்த விசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்ட பாதையிலிருந்து எவ்வளவு விலகியது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்த சிலருக்கு, கொட்டாவி விடும்போது மட்டும் அந்தக் கை தானாக மேலே எழும்பும். தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. அப்படிப்பட்ட ஒன்றைப் பல்லைக் கடித்து நிறுத்தப் பார்த்து நீங்கள் தோற்றதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், பாதியாக உடைத்தும் போடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், பழைய படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். மருத்துவரிடம் போய், எண்ணிய கணக்கோடு சொல்லுங்கள். 40 நிமிடத்தில் 23 என்று சொன்னால் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தாழ்வாரம் (வியாழன், காலை 7.15)

பஸ்ஸுல தனியா போறேன்னு எழுதினீங்க பாருங்க, அதைப் படிச்சதும் மனசு நிறைஞ்சிருச்சு கண்ணு. அம்மாகிட்டயும் சொல்லிருங்க.

பனங்கருக்கு (வியாழன், இரவு 8.10)

தாடைக்கு ஒரு விஷயம். என் மச்சானுக்குப் பெரிய கொட்டாவி விட்டப்ப தாடை கழண்டு வாய் மூட முடியாம போச்சு, ஆஸ்பத்திரியில போயித்தான் சரி பண்ணாங்க. வருதுன்னு தெரிஞ்சதும் முஷ்டியை மடக்கி மோவாய்க்குக் கீழ முட்டுக்கொடுங்க. அளவுக்கு மேல திறக்காது.

மஞ்சணத்தி (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.30)

எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு எழுதுறேன். டாக்டர்கிட்ட நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன், அஞ்சு நாள் கணக்கு எழுதி வச்சிருந்தேன். பார்த்ததும் மாத்திரையாலதான்னு சொல்லிட்டாங்க. 10ல இருந்து 7.5க்குக் குறைச்சு, நேரத்தை ராத்திரிக்கு மாத்தினாங்க. படபடப்பு திரும்ப வந்தா உடனே வரணும்னும் சொன்னாங்க. இதுவரைக்கும் வரல.

முதல் வாரம் பெருசா வித்தியாசம் தெரியல. ரெண்டாவது வாரத்துல இருந்து பீரியடுக்கு ஏழு, எட்டுன்னு இறங்குச்சு. வெள்ளிக்கிழமை மூணு. அது கடைசி பீரியடு, வெயில் வேற.

முஷ்டி வச்சு முட்டுக்கொடுக்கிறது நல்லா உதவுது, பனங்கருக்கு. தலைமையாசிரியர்கிட்ட மாத்திரையைப் பத்திச் சொல்லல, கொட்டாவி தொத்திக்கிறதைப் பத்தி மட்டும் சொன்னேன். அந்த நாய் கணக்கு, 29ல 21, அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அறிவியல் மன்றத்துல பிள்ளைங்களை வச்சு ஒரு சோதனை செய்யலாமான்னு கேட்டாரு. நாலாம் வகுப்புல எத்தனை பேருக்குத் தொத்துது, பத்தாம் வகுப்புல எத்தனை பேருக்குன்னு எண்ணிப் பார்க்கலாம்னு இருக்கோம். நாடித்துடிப்பு சார், பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே எதுக்குன்னு சொல்லிட்டா முடிவு மாறிருமா?

நாடித்துடிப்பு (ஞாயிறு, மாலை 5.05)

மாறிவிடும் டீச்சர். வேறு ஏதோ பார்க்கப்போகிறோம் என்று சொல்லுங்கள், உண்மையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கேமராவைப் பிள்ளைகள் பக்கம் திருப்பாதீர்கள். தங்களை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே கொட்டாவி குறைந்துவிடும். பின்வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, தாளில் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள்.