எந்த ஒயருக்கு எந்த ஸ்ட்ரிப்பர்? வடசென்னை வேலைக்காரங்க அனுபவம்

பெரம்பூர் ரோபோ பட்டறை
சென்னை எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுல ஹூக்கப் ஒயர் (சர்க்யூட்டுக்குள்ள இணைக்கிற மெலிசு ஒயர்) கேட்டா 7/36, 14/36, 23/36னு சொல்வாங்க. ஒயரோட தோலை, அதாவது மேலுறையை உரிக்கிற ஸ்ட்ரிப்பர் மேல இருக்கிறது ஏ.டபிள்யூ.ஜி. எண். அது அமெரிக்கத் தடிமன் அளவு, எண் கூடக் கூட ஒயர் மெலிசு. ரெண்டும் எப்படிப் பொருந்துதுன்னு பார்க்காம டூல் வாங்குறதுல தான் பாதிப் பிரச்சினை. 7/36ன்னா 36 எஸ்.டபிள்யூ.ஜி. (பிரிட்டிஷ் தடிமன் அளவு) கம்பி ஏழு இழை. ஒரு இழை 0.193 மி.மீ. மொத்தம் 0.2 சதுர மி.மீ., அதாவது 24 ஏ.டபிள்யூ.ஜி. அதே கணக்குல 14/36 சுமார் 21, 23/36 சுமார் 19.

ஹார்ட்வேர் கடையில முதல்ல எடுத்து நீட்டுறது பெரும்பாலும் 10–20 ரேஞ்ச் தான். அதுல இருக்கிற சின்ன ஓட்டை கூட 7/36க்குப் பெருசு. தோல் வழுக்கும், கை தானா டூலைச் சாய்க்கும், இழை அறுபடும். ஏழுல ஒண்ணு போனா செம்புல 14 சதவீதம் போச்சு. சென்சார், என்கோடர், சர்வோ ஒயருக்கு 20–30 ரேஞ்ச் தான் முதல் டூல்.

இன்னொரு விஷயம்: ஒரே ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் வேற வேற எண் இருக்கும். ஒரு பக்கம் ஒத்தைக் கம்பிக்கு, மறு பக்கம் பல இழைக்கு. க்ளைன் கம்பெனியோட 11057 மாடல்ல ஒத்தைக் கம்பிக்கு 20–30, பல இழைக்கு 22–32. அதனால 14/36ஐ அதோட பெரிய ஓட்டையில வெச்சாலும் இழையில கீறல் விழும். அதுக்கு அதே கம்பெனியோட 11055 மாடல்ல பல இழை 20ன்னு போட்டிருக்கிற ஓட்டை சரி. கொஞ்சம் தோல் பிசிறு நிக்கும், நிக்கட்டும், செம்பு தப்பிக்குது.

கொருக்குப்பேட்டை எலெக்ட்ரிஷியன்
வீட்டு ஒயரிங்குக்கு ஏ.டபிள்யூ.ஜி. பஞ்சாயத்தே வேணாம் தம்பி. 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயர்ல 22/0.3, அதாவது 0.3 மி.மீ. இழை 22; 2.5ல 36/0.3, 4ல 56/0.3. ஒரு நாளைக்கு நூறு முனை உரிக்கிற டிபி (டிஸ்ட்ரிபியூஷன் போர்டு) வேலைக்குத் தானா அட்ஜஸ்ட் ஆகுற ஸ்ட்ரிப்பர் தான் லாயக்கு. 0.2–6 ஸ்கொயர் ரேஞ்ச் போதும், நீளத்துக்கு ஸ்டாப்பர் இருக்கணும். ஒயரைச் சொருகி நெம்புகோலால பூட்டுற வாகோ 221 கனெக்டர்ல 4 ஸ்கொயர் வரைக்குமான சைஸுக்கு 11 மி.மீ. உரிக்கணும், ஸ்டாப்பரை ஒருதரம் செட் பண்ணிட்டா அளவு மாறாது.

கையில இருக்கிறது திருகு வெச்ச சாதா ஸ்ட்ரிப்பர்னா, செட் பண்ற முறை இது. பிளேடால முனையைக் கொஞ்சம் உரிச்சு, வெறும் செம்பை அந்தப் பள்ளத்துல வைங்க. செம்பைத் தொடுற வரைக்கும் மூடி, அதுக்கு ஒரு மயிரிழை தள்ளித் திருகை லாக் பண்ணுங்க. வேலை செய்யச் செய்ய திருகு லூஸாகும், அப்பப்போ பார்க்கணும்.

ராயபுரம், மண்ணடிப் பக்கம் பழைய கட்டடத்துல 1/1.4 அலுமினியம் ஒயர் இருந்தா உஷார். ஒத்தைக் கம்பி. சுத்தி ஒரு கீறல் விழுந்தா ரெண்டாவது வளைப்புல ஒடிஞ்சிடும். அதுவும் சுவிட்ச் பாக்ஸுக்குள்ள ரெண்டு இஞ்ச் ஒயர் மட்டும் மிச்சம் இருக்கிற இடத்துல ஒடியும். அங்க பிளேடு போடாதீங்க, சரியான ஓட்டையுள்ள ஸ்ட்ரிப்பர் மட்டும்.

கலர் ரப்பர் கைப்பிடி இருக்குன்னு கரண்ட் இருக்கிற ஒயர்ல கை வைக்காதீங்க. ரெண்டு முக்கோணக் குறியும் 1000 வோல்ட்னும் அச்சடிச்சிருந்தா தான் அது இன்சுலேட்டட் டூல். அப்பவும் மெயினை ஆஃப் பண்ணிட்டு, டெஸ்டர் வெச்சுப் பார்த்துட்டுத் தான்.

தண்டையார்பேட்டை லேப்
எலெக்ட்ரிஷியன் அண்ணன் சொன்ன தானா அட்ஜஸ்ட் ஆகுற டைப்பை சிலிகோன் ஒயர்ல போடாதீங்க. தோல் ரப்பர் மாதிரி இழுபடும், தாடை வழுக்கும். பேட்டரிக்குப் போடுற 12 ஏ.டபிள்யூ.ஜி. சிலிகோன்ல 0.08 மி.மீ. இழை 680 இருக்கும். ஓட்டை ஒரு சைஸ் தப்பினா பத்து இருபது இழை தோலோடயே வந்துடும், கண்ணுக்கும் தெரியாது. கூர்மையான ஓட்டை வெச்ச கை ஸ்ட்ரிப்பரால சுத்தி வெட்டி, தோலைத் திருகிக்கிட்டே உருவணும்.

டெஃப்லான் ஒயர் நேர் எதிர். தோல் கெட்டி, வழவழப்பு. கூர் மழுங்கின டூல் அதுல வெட்டாது, நசுக்கும். சூடு வெச்சு உரிக்கிற டூல் இருந்தா சுலபம், ஆனா புகை ஆகாது, காத்தோட்டம் வேணும். 30 ஏ.டபிள்யூ.ஜி. வயர்ராப் கம்பி (பின்ல சுத்தியே இணைக்கிறது) 0.25 மி.மீ. தான், அதுக்குன்னே இருக்கிற தனி டூல் இல்லாம தொடாதீங்க. கம்பிக்குக் கம்பி 1.27 மி.மீ. இடைவெளி இருக்கிற ரிப்பன் கேபிளை உரிக்கவே வேண்டாம், ஐ.டி.சி. கனெக்டரே தோலைக் குத்தி செம்பைப் பிடிச்சுக்கும். இதையும் உட்கார்ந்து ஒவ்வொண்ணா உரிக்கிறவங்க இருக்காங்க!

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒயர்ல சிவப்பையும் கறுப்பையும் சேர்த்து வெட்டக் கூடாது. கட்டர் தாடையிலயே ஷார்ட் ஆகி, டூல்ல குழி விழும். ஒண்ணை வெட்டி, உரிச்சு, டேப் சுத்தின பிறகு தான் அடுத்தது.

பெரம்பூர் ரோபோ பட்டறை
கிரிம்ப், அதாவது கனெக்டர் பின்னை ஒயர்ல நசுக்கிப் பிடிக்க வைக்கிறதுக்கு எவ்வளவு உரிக்கணும்னும் சேர்த்துச் சொல்லிடறேன். டூபான்ட் பின், ஜே.எஸ்.டி. எக்ஸ்.எச்.ங்கிற ரெண்டு சின்ன கனெக்டருக்கும் 2–2.5 மி.மீ. போதும். கூட உரிச்சா தோலைப் பிடிக்க வேண்டிய பின்பக்க இறக்கை வெறும் செம்பைப் பிடிக்கும், ரோபோ கை நாலு தடவை ஆடினதும் அங்கேயே அறுந்துடும். ஓடிக்கிட்டிருக்கிற ரோபோ திடீர்னு ரீசெட் ஆனா எல்லாரும் புரோகிராமைத் தான் நோண்டுறாங்க. முதல்ல பவர் ஒயரோட முனையை லென்ஸ்ல பாருங்க. இழையில மினுக்குன்னு ஒரு கோடு தெரிஞ்சா அது கீறல். வெட்டிட்டு மறுபடி உரிங்க.

எண்ணூர் மெயின்டெனன்ஸ்
நம்ம பக்கம் உப்புக் காத்தையும் கணக்குல எடுத்துக்கணும். உரிச்ச செம்பை நாலு நாள் திறந்து வெச்சா கறுத்துடும், ஈயம் ஒட்டாது. உரிச்ச அன்னைக்கே கிரிம்போ சால்டரோ பண்ணிடுங்க, இல்லன்னா டின் பூசின செம்பு ஒயரா வாங்குங்க. ஆனா ஸ்க்ரூ டெர்மினல்ல போற முனைக்கு ஈயம் பூச வேண்டாம். அழுத்தத்துல ஈயம் மெல்ல நகரும், ஸ்க்ரூ லூஸாகும், சூடாகும். அதுக்கு ஃபெரூல், அதாவது இழையெல்லாம் சேர்த்து மூடுற சின்ன உலோகக் குழாய்.

வாங்கப் போறப்ப உங்க ஒயர்லயே ஒரு முழம் கையில எடுத்துட்டுப் போங்க. முதல்ல டூலை மூடி வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ரெண்டு பாதியும் சேர்ந்து முழு வட்டமா தெரியணும், பிறை மாதிரி விலகியிருந்தா வேண்டாம். அப்புறம் பத்து முனை உரிச்சு இழையை எண்ணுங்க. 7/36ல பத்திலயும் ஏழு வரணும். வாங்கின பிறகு மூட்டுல மாசம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்க. வெட்டுற பக்கம் எண்ணெய் பட்டா துடைச்சிடுங்க, ஒயர் முனையில ஒட்டினா அதுலயும் ஈயம் பிடிக்காது.