இடது கை மட்டும் விரிவதில்லை: ஒரு வயது வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி – பாலக்கோட்டிலிருந்து ஒரு தந்தை

வணக்கம். எங்கள் மகன் 33-ஆம் வாரத்திலேயே 1.7 கிலோ எடையுடன் பிறந்து, பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 நாட்கள் இருந்தான். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. என் மாமியார்தான் அவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறார். எண்ணெய் தேய்க்கும்போது வலது கை தானாக விரிவதாகவும், இடது கை மட்டும் கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுகியே இருப்பதாகவும், விரல்களைப் பிரித்துத்தான் அழுக்கை எடுக்க வேண்டியிருப்பதாகவும் ஒரு மாதமாகச் சொல்லி வருகிறார். நாங்கள் பார்த்த மருத்துவரோ, குறைமாதக் குழந்தைக்கு எல்லாம் தாமதமாகத்தான் வரும், ஒரு வயது முடியட்டும் என்று அனுப்பிவிட்டார். இது மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு குறைபடும் பெருமூளை வாதம் என்றால் இந்த வயதிலேயே தெரிந்துவிடுமா?

பதில் 1 – இயன்முறை மருத்துவர், கிருஷ்ணகிரி

ஐயா, காத்திருக்க வேண்டாம். உங்கள் மகன் ஏழு வாரம் முந்திப் பிறந்ததால், அதைக் கழித்த திருத்திய வயது 14 அல்லது 15 வாரம்தான் வரும். இந்த நோயை முன்கூட்டி அறிவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. சுமார் 9 முதல் 20 வாரம் வரை, விழித்து அமைதியாக மல்லாந்திருக்கும் குழந்தையின் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எங்கும் சிறு சிறு அசைவுகள் எல்லாத் திசையிலும் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த அசைவுகள் அறவே காணப்படாவிட்டால் பெருமூளை வாதத்திற்கான வாய்ப்பு மிக அதிகம். பயிற்சி பெற்றவர்கள் இதைப் பார்த்து மதிப்பிடும் முறைக்குப் பிரெக்டில் மதிப்பீடு என்று பெயர். இத்துடன் குழந்தையின் உடல்நிலை, அசைவு, தசை இறுக்கம் போன்றவற்றுக்கு மதிப்பெண் இடும், 26 கூறுகளும் 78 மதிப்பெண்ணும் கொண்ட ஹாமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனையும், மூளையின் எம்.ஆர்.ஐ. படமும் சேர்ந்தால் திருத்திய வயது ஐந்து மாதத்திற்குள்ளாகவே நம்பகமான முடிவுக்கு வரலாம் என்று 2017-இல் வெளியான பன்னாட்டுப் பரிந்துரை கூறுகிறது. நோய் உறுதியாகாவிட்டாலும் ‘அதிக ஆபத்துள்ள குழந்தை’ என்று குறித்துக்கொண்டு உடனே பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்பதும் அதிலேயே உள்ளது. என் பார்வையில் மதிப்பெண்களைவிட அந்த வரிதான் முக்கியமானது.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளை முன்கூட்டியே கண்டறிந்து சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் கேட்டுச் செல்லுங்கள். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் இத்தகைய மையங்களில் கட்டணம் கிடையாது.

பதில் 2 – அரூரிலிருந்து ஒரு தாய்

சகோதரரே, என் மகளுக்கு எட்டு மாதமானபோது எதைக் கொடுத்தாலும் வலது கையாலேயே வாங்குவாள். இடப்பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினாலும் உடலைத் திருப்பி வலது கையைத்தான் நீட்டுவாள். சோற்றுக்கை பழக்கம் இப்போதே வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். ஒரு வயதுக்கு முன் ஒரே கையை விரும்புவது மற்றக் கையில் குறை இருப்பதற்கான அறிகுறி என்று அப்போது எங்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவளுக்கும் பெருமூளை வாதம் என்று ஒன்றரை வயதில்தான் தெரிந்தது. உங்கள் மாமியாரின் கை சொல்வதை நம்புங்கள். தினமும் தொட்டுக் குளிப்பாட்டுகிறவருக்குத் தெரிவது ஐந்து நிமிடம் பார்க்கிற மருத்துவருக்குத் தெரியாமல் போகலாம்.

பதில் 3 – ஓசூர், குழந்தைநல மருத்துவர்

ஒரு திருத்தம். இறுகிய கையை மட்டும் வைத்து எவரும் முடிவு கட்டக் கூடாது. பிறப்பின்போது தோள் நரம்பில் ஏற்படும் காயத்தாலும் ஒரு கை அசையாமல் இருக்கலாம். அதேபோல் எம்.ஆர்.ஐ. சரியாக இருக்கிறது என்பதால் நிம்மதியடையவும் கூடாது. பெருமூளை வாதமுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் படம் இயல்பாகவே இருக்கும். போகும்போது, முதல் பதிலில் சொன்ன சிறு அசைவுகளைப் பார்த்து மதிப்பிட உதவும் காணொளி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். குழந்தை பால் குடித்து, அழாமல், விழித்திருக்கையில், கைகால் தெரியும்படி மெல்லிய உடையில் பாயில் மல்லாத்தி, பேச்சுக் கொடுக்காமல், மேலிருந்து மூன்று நிமிடமாவது எடுக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்றுத் தூளியில் எடுத்த காணொளியில் கால்களே தெரியவில்லை. இன்று காலை பாயில் கிடத்தி நான்கு நிமிடம் எடுத்திருக்கிறோம். திங்கட்கிழமையன்று முதல் பேருந்திலேயே தருமபுரிக்குப் புறப்படுகிறோம். மாமியாரும் உடன் வருகிறார்.