சூழலடங்கல்: மாவட்டத்தின் சூழல் நிலையைக் குறிக்க ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

ஊரக மாவட்டம் ஒன்றின் நிலம், நீர், உயிரினம், பிழைப்பு ஆகியவற்றை முழுமையாக ஆராய்ந்து, வளங்குன்றா வளர்ச்சிக்குத் திட்டம் வகுக்கும் முறையைப் பற்றிய நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் அம்மையார், அந்த ஆய்வை எந்தச் சொல்லால் குறிப்பது என்று நம் மடற்குழுவில் கேட்டிருந்தார். ‘சுற்றுச்சூழல் மதிப்பீடு’, ‘சூழல் கணிப்பு’, ‘கருப்பொருள் கணக்கு’ என்று மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஒரு வாரமாக மனத்தில் வைத்து உருட்டிப் பார்த்தேன். மூன்றிலும் எனக்கு மனநிறைவு இல்லை. காரணத்தைச் சொல்லி, நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

முதலில் ‘மதிப்பீடு’. இச்சொல்லின் தோளில் ஏற்கெனவே சுமை அதிகம். பொதுப்பணித் துறையில் ஒரு பாலத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது மதிப்பீடு. வரித்துறையில் வரியை நிர்ணயிப்பது மதிப்பீடு. தேர்வுத்தாளுக்கு மதிப்பெண் இடுவதும் மதிப்பீடு. இவை அனைத்திலும் இறுதியில் ஓர் எண் கிடைக்கிறது, அத்துடன் வேலை முடிந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’ என்ற தொடர் சட்டத்தில் வேரூன்றிவிட்டது என்பதே. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1994இலும் 2006இலும் வெளியான அறிவிக்கைகள் அதை நிலைநிறுத்தின. 2020இல் புதிய வரைவு அறிவிக்கை வெளியானபோது, அதை அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் பெயர்த்து வெளியிட வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட அளவுக்கு அது மக்கள் பேச்சாயிற்று. ஆகவே, ‘தாக்க’ என்ற அடைமொழியை நீக்கிவிட்டுச் ‘சுற்றுச்சூழல் மதிப்பீடு’ என்று மட்டும் எழுதினாலும், படிப்பவர் மனத்தில் ஒரு தொழிற்சாலையும் அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டமுமே தோன்றும்.

அந்தத் தாக்க மதிப்பீடும் நாம் பேசும் ஆய்வும் தன்மையிலேயே வேறானவை. தாக்க மதிப்பீட்டில் திட்டம் முதலில் வருகிறது. அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் ஆரத்துக்குள் இடம் எப்படி இருக்கிறது என்பது பின்னர் பார்க்கப்படுகிறது. பொதுவாக மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத்தின் தரவே அதற்குப் போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் ஆய்விலோ இடம்தான் முதலில் வருகிறது. எந்தத் திட்டமும் மனத்தில் இல்லாத நிலையில், இந்த மாவட்டத்தில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எது குறைந்துகொண்டே வருகிறது, எதை நம்பி யார் பிழைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அதன்பிறகே எங்கே எதைச் செய்யலாம் என்று அது கேட்கிறது. அரசமைப்பின் 243இசட்டி பிரிவு மாவட்டத் திட்டக் குழு தன் வளர்ச்சித் திட்ட வரைவைத் தயாரிக்கும்போது நீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வது, சுற்றுச்சூழலைப் பேணுவது, கிடைக்கும் வளங்களின் அளவும் வகையும் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. அளவும் வகையும் தெரிய வேண்டுமானால், யாராவது முதலில் அவற்றை எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த எழுத்துக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

‘கணிப்பு’ என்றால் இன்றைய தமிழில் வரப்போவதைச் சொல்வது என்ற பொருளே முந்துகிறது; வானிலைக் கணிப்பும் தேர்தல் கருத்துக்கணிப்பும் அதை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டன. ‘கருப்பொருள்’ அழகான சொல். உணவு, மரம், விலங்கு, பறவை, தொழில் என்று ஒரு நிலத்தின் உயிர்வாழ்வை ஒரே வகையில் அடக்கிப் பார்த்த மரபு நம்முடையது என்று அதை முன்மொழிந்த ஐயா எழுதியதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் இன்றைக்குக் கருத்தரங்கின் கருப்பொருள், ஆண்டுவிழாவின் கருப்பொருள் என்று அது வேறு வீட்டில் குடியேறிவிட்டது. மாவட்ட ஆட்சியரின் கோப்பில் ‘கருப்பொருள் கணக்கு’ என்று எழுதினால் விளக்கக் குறிப்பு இல்லாமல் ஒருவருக்கும் புரியாது.

என் தந்தை இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிற்றூரின் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். 1980இல் அந்தப் பழைய கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்படும்வரை அவர் எழுதிய அடங்கல் (ஆண்டுதோறும் நிலவாரியாகப் பயிரைப் பதியும் கிராமக் கணக்கு) பேரேடுகளைச் சிறுவனாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். புல எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர் பெயர், பயிர், பாசன ஆதாரம், விளைச்சல் என்று கட்டம் கட்டமாக ஓடும் பக்கம் அது. வயலுக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அவர் பேனாவைத் திறப்பார்; அந்த நடைக்குப் பயிராய்வு என்று பெயர். வலது ஓரத்தில் குறிப்புக்கென்று இருந்த குறுகலான கட்டத்தில் ‘மடை தூர்ந்தது’, ‘உவர்’, ‘கரை உடைப்பு, பயிர் சாவி (பதர்)’ என்று பொடி எழுத்தில் எழுதுவார். ஒரே புல எண்ணுக்கு நேராக இருபது பசலிகளின் (வருவாய்க் கணக்கு ஆண்டுகளின்) பக்கங்களைப் புரட்டினால், அந்த நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பது கதைபோல விரியும். நெல் இருந்த இடத்தில் மிளகாய் வந்ததும், மிளகாய் இருந்த இடம் தரிசானதும், தரிசில் சீமைக்கருவேலம் ஏறியதும் அங்கே வரிசையாகக் கிடக்கும்.

அந்தப் பேரேட்டின் நினைவில்தான் ‘சூழலடங்கல்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ஒரு மாவட்டத்தின் இயற்கை இருப்பையும் அதன் நிலையையும் இடவாரியாக, ஆண்டுதோறும் பார்த்துப் பதிந்துவரும் ஆவணம் சூழலடங்கல். அதை எழுதுவதற்காகக் களத்துக்குப் போய்ப் பார்க்கும் செயல், பயிராய்வு என்ற சொல்லின் வழியிலேயே, ‘சூழல் நிலையாய்வு’. செயலுக்கு ஒரு சொல், அதன் விளைவான ஆவணத்துக்கு ஒரு சொல் என்று பிரித்துக்கொள்வதால் மொழிபெயர்ப்பில் பல இடங்கள் தெளிவாகும் என்று நினைக்கிறேன்; மூலநூல் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால்தான் அம்மையாருக்குச் சில வாக்கியங்கள் பிடிபடாமல் நழுவியிருக்கின்றன.

அடங்கல் என்பதற்கு ‘முழுவதும்’ என்ற பொருள் பழையது. அடங்கலும் என்றால் எல்லாமும். தேவாரத் திருமுறைகள் ஏழையும் சேர்த்து அடங்கன்முறை என்று வழங்குவதை அறிவீர்கள். ஆக, தொகுதி என்ற பொருளும், ஆண்டுக் கணக்கு என்ற பொருளும், அடங்குதல், அதாவது உள்ளே கொள்ளுதல் என்ற பொருளும் இதில் ஒருங்கே நிற்கின்றன. சொல் வழக்கொழிந்ததும் இல்லை. பயிர்க் காப்பீட்டுக்கும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போடுவதற்கும் அடங்கல் வாங்க அலையாத உழவர் தமிழ்நாட்டில் அரிது.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நானே எண்ணிப் பார்த்தேன். ‘புயல் அடங்கல்’ என்பதைப் போலச் ‘சூழல் அடங்கல்’ ஒடுங்குதலைக் குறிக்காதா என்றால், பிரித்து எழுதினால் அந்த மயக்கம் வரலாம். சேர்த்து எழுதினால் வராது. ஆகவே சேர்த்தே எழுத வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவேன். அடுத்த மறுப்பு கனமானது. அடங்கல் வரி வாங்குவதற்காகப் பிறந்த கணக்கு. அதன் கண் வரி தரும் நிலத்தையே பார்க்கும். உண்மைதான். தந்தையின் பேரேட்டில் ‘தரிசு’ என்று ஒற்றைச் சொல்லில் முடிந்துபோன நிலங்களில் ஆட்டுக்கிடை போடுவார்கள், பனையேறுவார்கள், மூலிகை பறிப்பார்கள், மழைக்காலத்தில் தண்ணீர் பரவி நிற்கும். அவ்வளவும் அந்தச் சொல்லுக்குள் மறைந்துவிட்டன. கமுதிக்கு அருகில் 2016இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு, இந்த மாவட்டத்தில் மேலும் மேலும் மின்பலகைகளுக்கு இடம் தேடப்படுகிறது. அப்படித் தேடுகிறவர் கண்ணில் முதலில் படுவது தரிசு என்று எழுதிய புல எண்களே. எனவே சூழலடங்கலில் தரிசு என்ற கட்டமே இருக்கக்கூடாது. மேய்ச்சல், பனங்காடு, நீர்பரவும் தாழ்நிலம் என்று உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். பழைய சொல்லை எடுத்துக்கொள்கிறோம், பழைய கண்ணை எடுத்துக்கொள்ளவில்லை.

எண்ணுக்கும் அடங்கலுக்கும் உள்ள வேறுபாட்டுக்குச் சீமைக்கருவேலமே நல்ல சான்று. செயற்கைக்கோள் படத்தை மட்டும் வைத்து மதிப்பிட்டால், சித்திரை வெயிலிலும் இராமநாதபுரம் மாவட்டத்தின் பெரும்பரப்பு பச்சையாகத் தெரியும்; பசுமைப் பரப்பு இவ்வளவு என்று ஓர் எண்ணும் வந்துவிடும். அந்தப் பச்சை எந்த மரம் என்று கேட்டால்தான், கண்மாயின் உள்வாயிலும் வரத்துக்காலிலும் அடர்ந்து நீர்வழியை அடைத்திருக்கும் அயல்மரம் அது என்பது தெரியும். அதன்பிறகும் ஆய்வு முடிந்துவிடாது. அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் முதுகுளத்தூர், கமுதி பக்கத்தில் ஏராளம். மழை பொய்க்கும் ஆண்டுகளில் அவர்களுக்கு வேறு வரும்படி இல்லை. மரத்தை ஒரு கட்டத்திலும் கரிமூட்டத்தை அடுத்த கட்டத்திலும் எழுதி வைத்தால்தான், எந்த ஊரில் எந்தக் கண்மாயில் முதலில் மரத்தை அகற்றுவது, அங்குள்ளவர்களுக்கு மாற்றாக என்ன செய்வது என்று திட்டக் குழு உட்கார்ந்து பேச முடியும்.

நீரைப் பற்றி ஒரு சொல். வைகை தேனியில் தொடங்கி மதுரையையும் சிவகங்கையையும் கடந்து இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து நிறைகிறது. வழியெங்கும் ஒரு கண்மாயின் கலுங்கில் (மிகைநீர் வழியும் வாயில்) வழிவது அடுத்த கண்மாய்க்கு வரத்து. குடிநீரோ காவிரியிலிருந்து குழாயில் வருகிறது. மாவட்ட எல்லையில் ஆய்வை நிறுத்திவிட்டால் பாதிக் கணக்கே கிடைக்கும். ஆகவே சூழலடங்கலில் ‘வரத்து’, ‘போக்கு’ என்று இரு கட்டங்கள் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. உள்ளே வருவது எது, எங்கிருந்து. வெளியே போவது எது, எவ்வளவு. நீர், மணல், விறகுக்கரி, மீன், முண்டு மிளகாய் எல்லாவற்றுக்கும் இவ்விரு சொற்களும் பொருந்தும். அம்மையாரின் நூலில் ‘உள்ளீடு, வெளியீடு’ என்று எழுதியிருக்கும் இடங்களில் இவற்றைப் போட்டுப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

பக்கச் சொற்கள் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘சுற்றுச்சூழல்’ கூறியது கூறல் என்றாலும் நிலைத்துவிட்டது. இலங்கையில் வழங்கும் ‘சுற்றாடல்’ அதைவிடச் செறிவானது என்று எனக்குத் தோன்றும். கூட்டுச்சொல்லில் ‘சூழல்’ மட்டுமே போதும். ‘கேரியிங் கெப்பாசிட்டி’க்குத் ‘தாங்குதிறன்’ சரியானதே. வண்டல் சேரச் சேரக் கண்மாயின் கொள்ளளவு குறைவதைப் போலத் தாங்குதிறனும் குறையக்கூடியது என்பதை முதன்முறை வரும் இடத்தில் ஒரு வரியில் விளக்கினால் நலம். ‘பேஸ்லைன்’ என்பதற்கு ‘அடிநிலை’ என்கிறார்கள். கிராமக் கணக்கில் நிலத்தின் அடிப்படை விவரத்தைத் தாங்குவது அ-பதிவேடு, ஆண்டுக்காண்டு மாறுவதைத் தாங்குவது அடங்கல். அதே முறையில் முதல் ஆய்வின் பதிவை ‘முதற்பதிவு’ என்றும், தொடர்ந்து வருவதைச் சூழலடங்கல் என்றும் வழங்கலாம். ‘அடிநிலை’ என்றால் தாழ்ந்த நிலை என்று உழவர் கூட்டத்தில் பொருள்கொள்ளப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

சொல் மக்களிடம் போய்ச் சேருமா என்று நண்பர் ஒருவர் தனிமடலில் ஐயப்பட்டார். சென்ற ஆண்டு பரமக்குடிக்கு அப்பால் ஒரு கண்மாய்க் கரையில் முதியவர் ஒருவரிடம் அவர் ஊரின் சுற்றுச்சூழலைப் பற்றிக் கேட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இந்தக் கண்மாய்க்கு அடங்கல் எழுதுவதானால் என்னென்ன எழுத வேண்டும் என்று மாற்றிக் கேட்டேன். தண்ணீர் முன்பு எந்த மாதம்வரை நின்றது, இப்போது எந்த மாதத்தில் தரை தெரிகிறது, எத்தனை மடையில் எது திறக்கும், கரையிலிருந்த நாட்டுக்கருவேல மரங்கள் எங்கே போயின, கூழைக்கடா எந்த ஆண்டோடு வருவதை நிறுத்தியது என்று அரைமணி நேரம் வரிசைப்படுத்தினார். என் கையிலிருந்த ஆய்வுப் படிவத்தில் அவற்றுள் பாதிக்குக் கட்டமே இல்லை.

ஒரு சிக்கலுக்கு மட்டும் என்னிடம் விடை இல்லை. இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிப் பிழைப்பு கடலில் இருக்கிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கும் பெண்களுக்கும், பாக்கு நீரிணையில் வலை வீசுபவர்களுக்கும் கடல்தான் வயல். ஆனால் அடங்கல் புல எண்ணில் நிற்பது. கடலுக்குப் புல எண் இல்லை. கடலடியில் பாறை உயர்ந்த இடத்தைப் பார் என்கிறார்கள், பாருக்குத் தனித்தனிப் பெயர்களும் இருக்கின்றன. புல எண்ணுக்கு ஈடாகக் கடலில் எதைக் கொள்வது, பார் ஒன்றையே அலகாகக் கொள்ளலாமா, சேற்றுத் தரைக்கும் புல்தரைக்கும் கடலோடிகள் வழங்கும் சொற்கள் எவை என்பதை மண்டபம், ஏர்வாடி, தொண்டி பக்கத்து அன்பர்கள் எழுதினால், சூழலடங்கலின் கடற்பக்கத்துக்குத் தலைப்பு வரிசையை அடுத்த மடலில் எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்.