முதல் சிலுவைப் போர்: பக்தியா, பதவிப் போட்டியா?

சுங்கச்சாவடி:
ஜெருசலேம் முஸ்லிம்கள் கைக்குப் போனது 7ஆம் நூற்றாண்டில். நானூறு வருடத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டு, 1095 நவம்பரில் பிரான்சின் கிளெர்மோன்ட்டில் போப் இரண்டாம் அர்பனுக்குத் திடீரென்று பக்தி பொங்கி, அதை மீட்கப் படை திரட்டத் தோன்றியது ஏன்? ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி தன் ஆளை மூன்றாம் கிளெமென்ட் என்ற பெயரில் எதிர்ப் போப்பாக உட்கார வைத்திருந்தார். அர்பனால் ரோமிலேயே நிம்மதியாகக் காலூன்ற முடியவில்லை. தன் ஒரு சொல்லுக்குப் பெரும்படை திரண்டால், உண்மையான போப் யார் என்று எவன் கேட்பான்? மதம் வெறும் போர்வை.

குதிரைக்காரன்:
போப்பின் கணக்கு சரி. கிளம்பிப் போனவனின் கணக்கையும் பாருங்கள். பிரான்சின் நார்மண்டியை ஆண்ட ராபர்ட் தன் நாட்டையே தம்பியான இங்கிலாந்து மன்னரிடம் 10,000 மார்க் வெள்ளிக்கு அடகு வைத்துவிட்டுப் போனார். நிலத்தாசை பிடித்தவன் கையிலிருக்கும் நிலத்தை அடகு வைப்பானா? போர் முடிந்ததும் ஊருக்கே திரும்பியும் விட்டார்.

அந்த வீரர்களின் பயத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். 1066இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸில் ஜெயித்த நார்மன் படைக்கே, கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஓராண்டு தவம் என்று ஆயர்கள் விதித்தார்கள். பத்துப் பேரைக் கொன்றவன் என்ன செய்வான்? போப் கூட்டிய கிளெர்மோன்ட் சபையின் தீர்மானம் அதை அப்படியே புரட்டிப் போட்டது: பேருக்கோ பணத்துக்கோ இல்லாமல் பக்தியால் மட்டும் போகிறவனுக்கு அந்தப் பயணமே முழுப் பரிகாரம். வாளைக் கீழே வைக்காமலே மோட்சம்!

பழைய வரைபடம்:
இருவரும் கிழக்கை மறந்துவிட்டீர்கள். 1071இல் மான்சிகெர்ட்டில் செல்யூக் துருக்கியரிடம் தோற்ற பைசாந்தியம், அதாவது கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்குக் கிறிஸ்தவப் பேரரசு, ஆசியா மைனரில் (இன்றைய துருக்கி) பெரும்பகுதியை இழந்தது. பேரரசர் அலெக்ஸியஸ் 1095 மார்ச்சில் இத்தாலியின் பியாசென்சாவில் போப் கூட்டிய சபைக்குத் தூதர்களை அனுப்பிப் படையுதவி கேட்டார். அதற்குள் 1092இல் சுல்தான் மாலிக் ஷா இறந்து செல்யூக் ராஜ்ஜியம் உடைந்திருந்தது. அலெப்போவிலும் டமாஸ்கஸிலும் அண்ணன் தம்பிகளே அடித்துக்கொண்டார்கள். இந்தச் சண்டை மட்டும் இல்லையென்றால் சிலுவைப் படை ஜெருசலேம் போகும் வழியிலிருந்த அந்தியோக்கியா நகரத்தைத் தாண்டியிருக்காது.

சுங்கச்சாவடி:
நல்லதாய்ப் போயிற்று. 1098இலேயே எகிப்தின் ஃபாத்திமியர்கள் துருக்கியரை ஜெருசலேமிலிருந்து விரட்டிவிட்டார்கள். துருக்கியரைச் சாக்குச் சொல்லிக் கிளம்பிய படை, அவர்கள் இல்லாத ஊரை 1099 ஜூலை 15இல் ஏன் பிடித்தது?

குதிரைக்காரன்:
இயேசுவின் கல்லறைக் கோயில் அங்கே இருந்ததால்தான்! ஊரை யார் ஆண்டார்கள் என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம். நீங்கள் எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள்.

சுங்கச்சாவடி:
அந்தியோக்கியாவைப் பைசாந்தியத்திடம் ஒப்படைக்காமல் தானே வைத்துக்கொண்ட சிலுவைப் படைத் தலைவர் பொஹிமண்ட் எந்தக் கல்லறையைத் தேடினார்? 1096இல் ஜெர்மனியின் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதர்களை வெட்டிக் கொள்ளையடித்தவர்கள்?

குதிரைக்காரன்:
பொஹிமண்டை உங்களுக்கே விட்டுவிடுகிறேன், அவர் பேராசைக்காரர்தான். மைன்ஸ் அப்படியில்லை. கொள்ளை நடந்தது உண்மை. ஆனால் ஞானஸ்நானம் வாங்கு, இல்லையென்றால் சாவு என்றார்கள். பணம் மட்டும் போதுமென்றால் ஞானஸ்நானம் எதற்கு? பக்தி என்றதும் அதை நல்ல குணமாக எடுத்துக்கொள்கிறீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை.

சுங்கச்சாவடி:
1204இல் நான்காம் சிலுவைப் படை சூறையாடிய கான்ஸ்டான்டினோபிள் கிறிஸ்தவ நகரம். அங்கே யாருக்கு ஞானஸ்நானம்?

பழைய வரைபடம்:
அந்தப் படை வெனிஸுக்குக் கப்பல் கூலியாக 85,000 மார்க் தருவதாக ஒப்பந்தம் போட்டு, கட்ட முடியாமல் மாட்டிக்கொண்ட படை. அதற்குத் தனி இழை திறவுங்கள், வருகிறேன்.